கட்டடம் வேண்டாம், ஆள் வேணும்

"வயசு போனா அறளை பேரும்தானே" எண்டு சொல்லி எங்கட சனம் விட்டிடுற விஷயம் ஒண்டைப் பற்றிக் கதைக்கோணும். டிமென்ஷியா வயசோட தானா வாற சாதாரண மறதி இல்லை, மூளையைப் பாதிக்கிற வருத்தம், அதில கூட வாறது அல்ஷைமர். ஆனா மறதி வந்த எல்லாருக்கும் இதுதான் எண்டுமில்லை. தைரொயிட் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, விழுந்து தலைக்குள்ள ரத்தம் கட்டினது, இதுகளும் அப்பிடியே காட்டும், இதுகளுக்கு வைத்தியமும் இருக்கு. அதால சுகர் பிறஷர் கிளினிக்குக்குப் போகேக்க டொக்டரிட்ட இதையும் சொல்லுங்கோ. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியிலயும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு. அங்க போனா விசர் எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு பயந்து வீட்டுக்குள்ளயே வச்சிருக்கிறவையை நினைச்சா சரியான கவலையா இருக்கு.

சரி, வருத்தம் இதுதான் எண்டு தெரிஞ்சிட்டுது, குளிசையும் தந்தாச்சு, அடுத்த கிளினிக் திகதியும் கொப்பியில எழுதியாச்சு. அதுக்குப் பிறகு? அந்த இடைப்பட்ட நாளெல்லாம் ஆர் பாக்கிறது?

எங்கட பெரியம்மா பொழுதுபட்டா "வீட்டை போகோணும்" எண்டு வெளிக்கிடுவா, இருக்கிறது அவவின்ர சொந்த வீடுதான். அடையாள அட்டை, காணி உறுதி, மடிச்ச சீலை ஒண்டு, எல்லாம் ஒரு பையில. 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டையால இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு நடந்த ஆக்களுக்கு அந்தப் பை என்னெண்டு விளங்கும். திருவிழா வெடி கேட்டா பங்கர் எங்கயெண்டு தேடுவா. அதெல்லாம் முடிஞ்சுது எண்டு விளங்கப்படுத்தப் போனா இன்னும் பதறுவா. அவவைக் கூட இருந்து பாக்கிற மச்சாள் இப்ப "ஓமம்மா போவம், தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம்" எண்டுவா, கொஞ்சத்தில அடங்கிடும். இதை மச்சாளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை, அழுது அழுது தானாப் பழகினது.

அந்த மச்சாளைப் பற்றித்தான் நான் உண்மையில எழுத வந்தது. இரவில நித்திரை இல்லை, கிணத்தடிக்குப் போயிடுவாவோ எண்டு ஒரு கண் எப்பவும் அங்க, ஒரு செத்தவீட்டுக்குக்கூட போகேலாது. கனடாவில இருக்கிற பிள்ளையள் வீடியோ கோலில ஐஞ்சு நிமிஷம் கதைச்சிட்டு "அம்மா நல்லாத்தானே கதைக்கிறா" எண்டுவினம், அந்த ஐஞ்சு நிமிஷம் பெரியம்மாவும் நல்லாத்தான் கதைப்பா! பெரும்பாலான முதியோர் இல்லங்களில தங்கட அலுவலைத் தாங்களே பாக்கக்கூடிய ஆக்களைத்தான் எடுப்பினம். கொழும்பு மருதானையில லங்கா அல்ஷைமர்ஸ் பவுண்டேஷன் பகல்ல ஆக்களைக் கூட்டிவந்து விடுற நிலையம் ஒண்டை நடத்துது, நல்ல வேலை, ஆனா மச்சாளுக்கு அது 400 கிலோமீற்றருக்குக் கிட்ட தூரத்தில.

எங்கட ஊர்கள்ல சனசமூக நிலையம் இல்லாத இடம் இருக்கோ? காலமை பேப்பர் பாக்க நாலு பேர், பிறகு நாள் முழுக்கப் பூட்டு. கிழமையில ரெண்டு காலமை அதை இதுக்குத் திறந்தா என்ன? பூட்டக்கூடிய கேற், இருந்து எழும்பக்கூடிய கொமட், பழக்கின ரெண்டு பெம்பிளையள், ஒரு ஓட்டோ. நேற்றுச் சாப்பிட்டது மறந்தவையும் தேவாரம் தொடங்கினா முழுக்கப் பாடுவினம், பூ கட்டுவினம், பயறு தெரிவினம். அந்த மூண்டு மணித்தியாலம் மச்சாள் பாங்குக்குப் போகட்டும், இல்லாட்டி சும்மா படுத்து நித்திரை கொள்ளட்டும். குடும்பநல மாதுவும் கிராம சேவகரும் ஆர் ஆர் வீட்டில இப்பிடி ஆக்கள் இருக்கினம் எண்டு சொல்லுவினம், அவைக்குத் தெரியாத வீடில்லை.

அந்தப் பெம்பிளையளுக்குக் கட்டாயம் சம்பளம் குடுக்கோணும், சேவை எண்டு சொல்லி ஓசியில வேலை வாங்கக்கூடாது. வெளிநாட்டில இருக்கிற ஊர்ச் சங்கங்களிட்டக் கேக்கிறது இதுதான்: மண்டபம் கட்டக் காசு தாறியள், பேர்க்கல்லும் வைக்கிறியள், இந்தமுறை கட்டடம் வேண்டாம், ரெண்டு பேரின்ர மாசச் சம்பளத்தையும் ஓட்டோக் காசையும் ஒரு வருசத்துக்குப் பொறுப்பெடுங்கோ. எங்கட நிலையத்தின்ர அடுத்த பொதுக்கூட்டத்தில திறப்பை நான் கேக்கப்போறன். ஊரில இருக்கிறவை அண்டைக்கு வந்து பக்கத்தில நில்லுங்கோ.