மேலே சிமென்ட், கீழே சீகை

போன வாரம் நீலகிரியில், கோத்தகிரி சாலையில் எனக்கு முன்னால் ஒரு லாரி நிறைய சீகை (வாட்டில்) மரக் கட்டைகள். முந்த வழியில்லாமல் கட்டபெட்டு வரை அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். சீகை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் போன்ற அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து நமக்குப் பழகிய காட்சிதான். கட்டைகள் கீழே காகித ஆலைக்கோ அடுப்புக்கோ போகின்றன. எதிரே மலையேறி வருவது சிமென்ட்டும் கம்பியும்.

தம்பியைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது போர்ட்லாந்து விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பார்த்தேன். 2024 ஆகஸ்டில் திறந்தது. 9 ஏக்கர் கூரை, டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தில், கூடை முடைந்தது போல. அழகை விடுங்கள், எனக்குப் பிடித்தது வேறு. அத்தனை மரமும் 300 மைலுக்குள் வளர்ந்தது. பழங்குடியினர் காடுகளும் சிறு குடும்பங்களின் தோப்புகளும் அதில் உண்டு. அதில் ஒரு பகுதி மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதுவரை கணக்கு வைத்திருக்கிறார்கள். ஊட்டியிலிருந்து நேர்கோட்டில் 300 மைல் என்றால் சென்னையே உள்ளே வந்துவிடும்!

பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலும் மூங்கில் இழைத்திருக்கிறார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அங்கே பாரம் தாங்குவது இரும்பு, மூங்கில் அதன் மேல் போர்வை.

வெட்டுகிற நம் மரத்திலும் போர்ட்லாந்து போலக் கட்டலாமே என்று எங்கள் ஆசாரியிடம் சொன்னேன். "கற்பூர மரம் காயும்போது முறுக்கும், வெடிக்கும். சீகையில பருமன் ஏதுங்க?" என்றார். சரிதான். ஆனால் போர்ட்லாந்து உத்திரங்களும் ஒற்றை மரத்தில் அறுத்தவை அல்ல. பலகைகளை உலர்த்தி, பசையிட்டு, அடுக்கி அழுத்தியவை. நம் பைனையாவது அப்படிச் சோதித்துப் பார்க்கலாமே?

தீப்பிடித்தால் என்று உடனே கேட்பீர்கள். பருத்த உத்திரத்தின் மேற்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். கரிவது நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர், அரை மணி நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர். இரும்போ சூட்டில் இளகி வளைந்துவிடும்.

மரம் நிலைக்காது என்பவர்கள் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குள் போய் அண்ணாந்து பார்க்கட்டும். 1831-ல் திறந்தது. அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்து மலையேற்றியவை. அதாவது அப்போதே அவை பழைய மரம்.

எனக்கு ஒரு பயமும் உண்டு. மரத்துக்கு விலை கிடைக்கிறது என்று தெரிந்தால், வெட்டிய இடத்தில் மறுபடி பைனையே நட்டுவிடுவார்கள். அந்த இடம் மலையின் சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் சொந்தம். அதில் பேரமே கூடாது. எப்படியும் வெட்டப்போகிற மரத்தைப் பற்றி மட்டும்தான் நான் பேசுகிறேன்.

விமான நிலையம் நமக்கு வேண்டாம், கோவையில் இருப்பதே போதும். ஒரே ஒரு பஸ் நிழற்குடை, நம் மலை மரத்தில். ஆசாரியிடம் அளவுகூடக் கேட்டுவிட்டேன். பன்னிரண்டு அடிக்கு எட்டடி, நாலு கால். ஒரு வாரத்தில் நிறுத்திவிடலாம் என்கிறார், பலகை காய்ந்திருந்தால்.