மண்ணைப் பற்றியும் எழுதுங்கள்

செடிகளில் பூச்சியைக் கட்டுப்படுத்துவது பற்றிய உங்கள் கட்டுரையில் வேப்பெண்ணெய்க் கரைசலைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் மண்ணுக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. எங்கள் மட்டக்களப்புக் கல்லடிப் பக்கம் வெறும் கடல் மணல். ஊற்றுகிற தண்ணீரோடு சத்தும் கீழே இறங்கிவிடும். அதனால் நான் முதலில் யூரியாவைத்தான் அள்ளிப் போட்டேன். கொச்சிக்காய் (மிளகாய்) கன்றுகள் கரும்பச்சையாகத் தளதளவென்று வந்தன; அந்த இளந்தளிரிலேயே அழுக்கணவன் என்கிற சாறு குடிக்கும் சின்னப் பூச்சி மொய்த்துவிட்டது. யூரியா தருகிற தழைச்சத்து (நைதரசன்) அளவு மீறினால் இலை மென்மையாகி, சாறு குடிக்கிற பூச்சிகளுக்கு விருந்தாகிவிடும்.

அப்புறம் யூரியாவை நிறுத்தி, மக்கிய மாட்டெருவும் வேலியில் நிற்கிற கிளிசிரிடியா மரத்தின் குழையும் போட்டு, மேலே வைக்கோல் பரப்பினேன். இரண்டு போகத்தில் மணல் கருத்து ஈரம் பிடிக்கத் தொடங்கியது. இப்போதும் பூச்சி வருகிறது, ஆனால் செடி தாங்குகிறது.

வேப்பங்கொட்டைச் சாற்றை நானும் தெளிக்கிறேன், பொழுது சாயும் நேரத்தில் மட்டும். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். மாரி மழைக்கு முன்பு பாத்தியை உயர்த்திவிடுங்கள், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். வைரஸால் இலை சுருண்ட கன்றுக்கு எந்தச் சாறும் உதவாது. மனம் கேட்காதுதான், ஆனாலும் உடனே பிடுங்கி எரித்துவிடுங்கள்.