ஸ்பீக்கருக்கு ஒரு நியாயம், ஸ்ட்ரீமருக்கு வேறு நியாயம்

கடையில் வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக் காட்டிய ஹைஃபை (உயர்தர ஒலி) சாதனங்களைக் குறைந்த விலைக்கு வாங்குவதைவிட அடுத்த மாடலுக்குக் காத்திருப்பதே நல்லது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்தக் கருத்து எல்லாச் சாதனங்களுக்கும் பொருந்தாது. ஸ்பீக்கர் தொழில்நுட்பம் மெதுவாகவே மாறுகிறது. பிபிசி பொறியாளர்கள் 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் இன்றும் புதிதாகத் தயாரிக்கப்பட்டு விற்பனையாகிறது. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஒலிக்கச் செய்யும் ஸ்ட்ரீமர், ஹோம் தியேட்டரின் ஒலியையும் படத்தையும் கையாளும் ஏவி ரிசீவர் போன்றவற்றில் மென்பொருள் புதுப்பிப்பு நின்றுவிட்டால் பாதிப் பயன் போய்விடும் என்பதால், அவற்றுக்குக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு.

மதுரையில் இருக்கும் எனக்கு, உயர்தர ஸ்டீரியோவை நிதானமாக உட்கார்ந்து கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில்கூட டிவிக்கும் சவுண்ட்பாருக்கும்தான் முதலிடம். அப்படியிருக்க, காதால் கேட்டு உறுதிசெய்த அதே பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவர முடிவது பெரிய நன்மை என்றே நினைக்கிறேன்.

எனினும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஊஃபரின் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கர் கூம்பு) ஓரத்தில் உள்ள ஃபோம் வளையம் நொறுங்கத் தொடங்கியிருக்கிறதா, ட்வீட்டரின் (உச்ச ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) குவிந்த முகப்பு அமுங்கியிருக்கிறதா, ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா என்பதையெல்லாம் அங்கேயே சோதிப்பது அவசியம். ஆம்ப்ளிஃபயருக்குள் மின்னூட்டத்தைச் சேமிக்கும் உதிரிபாகமான எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுளை வெப்பம் குறைக்கும். நம் ஊர்க் கோடையில் காற்றோட்டமில்லாத அலமாரியில் நாள் முழுவதும் ஓடிய ஆம்ப்ளிஃபயரை, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், நான் வாங்க மாட்டேன். உத்தரவாதக் காலம் நாம் வாங்கும் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.