தேடினால் வரவில்லை என்றால் பேசவில்லை என்று அர்த்தமா?
"ஒரு சொல்லைத் தட்டினால் போதும், உறுப்பினர் அதைப் பற்றிப் பேசினாரா இல்லையா என்று தெரிந்துவிடும்" என்று, நாடாளுமன்ற விவாதப் பதிவுகளைத் தேடிப் படிப்பது பற்றிய இந்தக் கட்டுரையில் இருக்கிறது. பேசியது தெரியும், சரி. பேசவில்லை என்பதை அப்படி முடிவு கட்ட முடியாது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ விவாதப் பதிவான ஹான்சார்டில் 1980களின் விவாதங்களில் 'காலநிலை மாற்றம்' என்று தேடியபோது எனக்குச் சொற்பமாகத்தான் கிடைத்தது. அப்புறம் 'பசுமைக்குடில் விளைவு' என்று அன்றைய வழக்கில் தேடினேன். அதே கவலை, அதே கேள்விகள், பக்கம் பக்கமாக வந்தன! இன்றைய சொல்லை வைத்து அன்றைய பேச்சைத் தேடினால் பேசியவருக்கே அநியாயம் செய்கிறோம். இன்னொன்று, ஹான்சார்ட் சொல்லுக்குச் சொல் பதிவு அல்ல. கூறியது கூறலை நீக்கி, வெளிப்படையான பிழைகளைத் திருத்தித்தான் அச்சிடுகிறார்கள். கூச்சல் எழுந்த இடத்தில் பெரும்பாலும் 'குறுக்கீடு' என்ற ஒற்றைச் சொல்தான் நிற்கும், யார் என்ன கத்தினார் என்பது இருக்காது. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் முழு அவைக் கூட்டங்களை மட்டும் பார்த்தால் போதும் என்கிறார். உறுப்பினர்கள் சிலர் தனியாகக் கூடி ஆராயும் நாடாளுமன்றக் குழுக்களை விட்டுவிடாதீர்கள். ஜப்பானில் 1947 முதலான நாடாளுமன்றப் பதிவுகளைத் தேடும் வசதியில் குழுக் கூட்டங்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு மசோதாவை வரி வரியாக அலசுவது பெரும்பாலும் அங்கேதான்.