எந்தச் செய்தியை நம்பிக் கடையைத் திறப்பது?

காவிரியில் தண்ணீர் குறைகிற வருடங்களில், பெங்களூர்த் தமிழர்கள் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கடை ஷட்டரைத் தூக்குகிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா, அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்குப் பஸ் ஓடுமா என்பதையும் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் தமிழர்கள்மேல் நடந்த கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இங்கே ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் இன்னும் இருக்கிறார்கள். "ஊடகங்கள் மேல் மக்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது" என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அது எங்களுக்குப் பிழைப்புப் பிரச்சினை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தமிழ்ப் பேப்பரும் கன்னடப் பேப்பரும் சேர்த்துப் படிக்கிறவன். இத்தனை வருடம் படித்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான். செய்தியாளர் தன் கணக்கை முழுசாக வாசகன் முன்னால் வைக்கவேண்டும். அது எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லவேண்டும். முக்கியமாக, தன் வாசகனுக்குப் பிடிக்காத பாதியையும் மறைக்காமல் போடவேண்டும். இதைச் செய்கிறவரை நாங்கள் தானாக நம்புவோம்.

அணை மட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆகஸ்ட், செப்டம்பரிலும் அடிக்கணக்கில் போடுகிறார்கள். கர்நாடகத்தின் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்) அணையின் முழு மட்டம் 124.80 அடி, மேட்டூரின் முழு மட்டம் 120 அடி. படிக்கிறவனுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு அணை என்றுதான் தோன்றும். ஆனால் கே.ஆர்.எஸ். நிரம்பினால் சுமார் 49 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி), மேட்டூர் நிரம்பினால் 93 டிஎம்சிக்கு மேல். இதைச் சொல்லாமல் அங்கே இத்தனை அடி, இங்கே இத்தனை அடி என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டால் தஞ்சாவூர்க்காரர் வயிறு எரியத்தான் செய்யும். சரி, கொள்ளளவை மட்டும் சொன்னால் போதுமா என்றால் அதுவும் போதாது. கர்நாடகத்தின் கையில் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று இன்னும் மூன்று அணைகள் இருக்கின்றன. கே.ஆர்.எஸ்ஸின் வறண்ட படுகையை மட்டும் படம் பிடித்துக் காட்டினால் அதுவும் அரைக் கணக்குத்தான். இரண்டு மாநிலத்து ஊடகங்களும் இந்த அரைக் கணக்கைப் பல வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

2016 செப்டம்பரில் என்ன நடந்தது? 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு நொடிக்கு 15,000 கன அடி வீதம் 10 நாளுக்குத் தண்ணீர் விடச் சொன்னது. 12ஆம் தேதி அதை 12,000 கன அடியாகக் குறைத்தது, ஆனால் 20ஆம் தேதி வரை விடவேண்டும் என்றது. தினசரி அளவு குறைந்தது, நாள் கூடியது, மொத்தத்தில் கர்நாடகம் விடவேண்டிய தண்ணீர் அதிகமானது. "குறைப்பு" என்று மட்டும் சொன்னால் தமிழ்நாட்டு வாசகனுக்கு அநியாயம் நடந்த மாதிரி இருக்கும். நாள் கூடியதை மட்டும் சொன்னால் கர்நாடகத்து மண்டியா விவசாயிக்கு அதே உணர்வு வரும். ஒரு நாள் முழுக்க நொடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டிஎம்சி. செய்திக்குக் கீழே இந்த ஒரு வரி இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட மொத்தத்தைப் போட்டுப் பார்த்துவிடும்.

அந்த நாட்களில் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப ஓடியவை வேறு. பெங்களூரில் ஒரு தமிழ் இளைஞரை அடிக்கிற காணொளி, ராமேஸ்வரத்தில் ஒரு கர்நாடக ஓட்டுநரை அறைகிற காணொளி. இரண்டும் உண்மையில் நடந்தவைதான். ஆனால் ஒருமுறை நடந்ததை நாள் முழுக்க ஓட்டினால், பார்க்கிறவனுக்கு அது ஊரெங்கும் இப்போதும் நடந்துகொண்டிருக்கிற மாதிரித் தெரியும். 12ஆம் தேதி மைசூர் சாலைப் பக்கம் டிப்போவில் நின்ற தமிழ்நாட்டு நிறுவனத்தின் பேருந்துகள் வரிசையாக எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். எந்தெந்த எல்லை, எந்தச் சாலையில் போகலாம், எதில் போகக்கூடாது என்பதுதான் அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது. டிவியைப் போட்டால் எரிகிற பேருந்துதான் வந்தது.

2018 பிப்ரவரி 16 தீர்ப்பும் அப்படித்தான். காவிரி நடுவர் மன்றம் 2007இல் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270 டிஎம்சி என்று பிரித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை 404.25, 284.75 என்று மாற்றியது. 14.75 டிஎம்சி கைமாறியதை இரண்டு பக்கமும் விடாமல் சொன்னார்கள், சொல்லத்தான் வேண்டும். ஏன் மாறியது என்பதையும் அதே அளவு எழுத்தில் சொல்லியிருக்கவேண்டும். அதில் 10 டிஎம்சி, தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கில் சேர்த்ததால் வந்தது. மீதி 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களில் இந்த ஊர்த் தமிழர்களும் இருக்கிறோம். தமிழ் வாசகனுக்கு இதைக் கேட்கப் பிடிக்காமல் இருக்கலாம். பிடிக்காததையும் எழுதுகிற நிருபர், நாளைக்கு எனக்குச் சாதகமான ஒன்றை எழுதும்போது நான் சந்தேகப்படமாட்டேன்.

அப்புறம் இன்னொன்று. 2012 ஆகஸ்டில், தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தியை நம்பி வடகிழக்கு மாநிலத்து மக்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டுக் குவாஹாத்தி ரயில் ஏறினார்கள். அரசு பயப்படாதீர்கள் என்றது, போலீஸ் பாதுகாப்பு என்றது, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எஸ்எம்எஸ் அனுப்பத் தடைகூட வந்தது. ஆனாலும் ரயில் நிலையத்தில் கூட்டம். எனக்குத் தோன்றுவது என்னவென்றால், அதுவரை அவர்கள் குடியிருப்புக்கு வந்து, அவர்கள் கஷ்டத்தைக் கேட்டு எழுதிய செய்தியாளர் மிகக் குறைவு. பிறகு யார் சொன்னால் நம்புவார்கள்? எங்கள் பகுதிகளிலும் இதே கதைதான். சாக்கடை அடைத்தபோதும், தமிழ் வழிப் பள்ளியில் ஆசிரியர் இல்லாதபோதும் எட்டிப்பார்க்காத நிருபர், பந்த் அன்று மைக்கை நீட்டினால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் செய்வது சரிதான்.

தவறு எல்லோருக்கும் வரும். ஆனால் எட்டுப் பத்தித் தலைப்பில் போட்ட தவறுக்கு, மூலையில் நாலு வரி வருத்தம் போதாது. இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்த 2025 மே 8 இரவு கராச்சி துறைமுகம் அழிந்துவிட்டது என்று பல தேசிய சேனல்கள் சொல்லின. துறைமுகம் அப்படியே இருந்தது. வருத்தம் தெரிவித்தவர்கள் மிகச் சிலர். சென்னையிலிருந்து வருகிற தி இந்து நாளிதழ் 2006இலேயே வாசகர் தரப்பு ஆசிரியர் என்று ஒருவரை நியமித்தது. வாசகன் புகார் சொல்ல உள்ளேயே ஒரு ஆள், திருத்தத்துக்கு ஒரு நிலையான இடம். இத்தனை வருடம் கழித்தும் மற்றவர்களில் பெரும்பாலோர் ஏன் இதைச் செய்யவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. வெளியே இருந்து பத்திரிகைகளைக் கண்காணிக்கிற பிரஸ் கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. டிவி அதன் எல்லைக்குள்ளேயே வராது.

பணமும் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகப் போடுவது பற்றி பிரஸ் கவுன்சிலின் துணைக்குழு 2010இல் விரிவான அறிக்கை தயாரித்தது. அந்த முழு அறிக்கையை வெளியிடாமல் முதலில் சுருக்கம்தான் வெளியிட்டார்கள். இதே பெங்களூரில் 1980இல் கன்னட எழுத்தாளர் பி. லங்கேஷ் விளம்பரமே இல்லாமல் வாசகன் கொடுக்கிற காசில் ஒரு வாரப் பத்திரிகை நடத்திக் காட்டினார். பத்திரிகையாளரான அவர் மகள் கௌரி லங்கேஷ் தன் கடைசித் தலையங்கத்தைப் பொய்ச் செய்திகளைப் பற்றித்தான் எழுதினார். 2017 செப்டம்பர் 5 அன்று ராஜராஜேஸ்வரி நகரில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். கௌரியின் அரசியல் எல்லோருக்கும் உடன்பாடாக இருக்கவேண்டியதில்லை. யார் காசில் எழுதுகிறார் என்ற சந்தேகம் மட்டும் அவர் வாசகனுக்கு வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

பெங்களூர்ப் பதிப்பு போடுகிற தமிழ், கன்னட நாளிதழ்களிடம் நான் கேட்பது ஒன்று. அடுத்து மழை குறைகிற வருடம், ஜூன் முதல் தினமும் ஒரே பெட்டிச் செய்தி போடுங்கள். கர்நாடகத்தின் நாலு அணைகளிலும் மேட்டூரிலும் எத்தனை டிஎம்சி இருக்கிறது, தமிழ்நாட்டுக்கு வருகிற தண்ணீரை அளக்கிற எல்லை இடமான பிலிகுண்டுலுவில் நேற்று நொடிக்கு எத்தனை கன அடி வந்தது, அந்த மாதத்துக்கு வரவேண்டியது எவ்வளவு, இந்த எண்களைக் கொடுத்தது யார். இரண்டு மொழியிலும் அதே எண்கள். முதலில் செய்கிற பேப்பருக்கு வருடச் சந்தா கட்டுகிறேன், எங்கள் தெருக் கடைக்காரர்களையும் கட்டவைக்கிறேன்.