மசோதாவில் எழுத முடியாத நோய்

"உண்ணி கடித்ததற்கா சட்டசபை வரை போகிறார்கள்?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். நாற்பது வருடம் மாடு வைத்திருந்தவர். மாட்டின் காது மடலிலும் மடியிலும் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பிடுங்கி அடுப்புத் தணலில் போட்டு, அது 'பட்' என்று வெடித்த பிறகே அடுத்த வேலைக்குப் போவார். அவரைப் பொறுத்தவரை உண்ணி மாட்டுக்கு வருகிற தொல்லை, மனிதருக்கு வருகிற நோயல்ல.

நான் அன்று பாஸ்டனில், தங்கக் கூரை போட்ட மாசசூசெட்ஸ் சட்டமன்றக் கட்டடத்திலிருந்து திரும்பியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குத் துணையாகப் போனேன். அவரால் கார் ஓட்ட முடியாத நாட்கள் உண்டு. அன்றும் அப்படி ஒரு நாள். உண்ணி கடித்து வருகிற லைம் நோய்க்கு நீண்டகால ஆன்டிபயாடிக் சிகிச்சை தேவை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியே ஆக வேண்டும் என்று ஒரு மசோதா. அதன் மீது பொதுமக்கள் சாட்சியம் சொல்லலாம். ஆளுக்கு மூன்று நிமிடம்.

முந்தைய ஒரு வாரம் முழுக்க அவர் சமையலறை மேசையில் அடுப்பு மணியை மூன்று நிமிடத்துக்குத் திருகி வைத்து வாசித்துப் பழகியிருந்தார். பியானோ ஆசிரியை அல்லவா, நேரக் கணக்கு கை வந்த கலை. கையில் கல்யாண ஆல்பம் கனத்துக்கு ஒரு கோப்பு: ரத்தப் பரிசோதனைகள், நிராகரிப்புக் கடிதங்கள், பதினோரு மருத்துவர்களின் குறிப்புகள். அறை நிறையப் பச்சை நிற உடையில் ஆட்கள். சிலர் சக்கர நாற்காலியில், சிலர் வெளிச்சம் தாங்காமல் கறுப்புக் கண்ணாடியோடு.

அவர் முறை வந்தது. நன்றாகத்தான் ஆரம்பித்தார். நடுவில் ஒரு சொல் வரவில்லை. எழுதி வைத்த தாள் கையில் இருக்கிறது, கண் தாளில்தான் இருக்கிறது, வாயில் சொல் இல்லை. கடிகாரம் நிற்கவில்லை. உறுப்பினர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். நேரம் முடிந்தது என்று தலைவர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பும் வழியில், நெரிசலில் நின்றிருந்தபோது, "மாடிப்படி" என்றார் திடீரென்று. மாடிப்படி ஏற முடிவதில்லை என்று சொல்ல வந்திருக்கிறார்.

இதை எழுதக் காரணம், அந்த மசோதாவைச் சட்டமாக்கியது தவறு என்று நான் நினைப்பது. அவரை அங்கே அழைத்துப் போனவள் நான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். நம் ஊரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று செய்தித்தாளில் வருவது ஸ்க்ரப் டைஃபஸ். அது வேறு கிருமி, கடிக்கும் பூச்சியும் வேறு. டாக்சிசைக்ளின் என்ற மருந்து மட்டும் இரண்டுக்கும் பொது. லைம் நோயைப் பரப்புவது மான் உண்ணி. அதிலும் பெரிய உண்ணியை விட இளம் உண்ணிதான் ஆபத்து, ஏனென்றால் அது கசகசா அளவுதான் இருக்கும். முழங்கால் மடிப்பில், தலைமுடிக்குள், அக்குளில் போய் உட்கார்ந்துகொண்டால் தெரியவே தெரியாது. பலருக்கு வட்டத்துக்குள் வட்டமாகத் தோல் சிவக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் இரண்டு மூன்று வார மாத்திரையில் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் இதற்காகச் சிகிச்சை பெறுகிறார்கள் என்பது அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்கு, மருந்து முடிந்த பிறகும் மாதக் கணக்கில் உடல் வலி, அசதி, மறதி நீடிக்கிறது. சண்டை எல்லாம் இவர்களைப் பற்றியும், இவர்களோடு தங்களையும் சேர்த்துக்கொள்கிற இன்னும் பலரைப் பற்றியும்தான்.

இந்த நோய்க்குப் பெயர் வந்த கதை தெரியாவிட்டால் அந்தப் பச்சை உடைக்காரர்களின் பிடிவாதம் புரியாது. கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஒரு சிற்றூர். அங்கே பாலி மர்ரி என்ற ஓவியர். அவருக்கும் கணவருக்கும் குழந்தைகளுக்கும் மாற்றி மாற்றி மூட்டு வீக்கம், சொறி, காய்ச்சல். வருடக் கணக்கில் மருத்துவர்களிடம் அலைந்தார். எல்லாம் மனப்பிரமை என்று சொல்லியனுப்பினார்கள். அவர் ஒவ்வொன்றையும் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். தெருவில் வேறு எந்தெந்தக் குழந்தைக்கு மூட்டு வீங்கியிருக்கிறது என்றும் எழுதி வைத்தார். 1975இல் மாநிலச் சுகாதாரத் துறையைக் கூப்பிட்டார். இன்னொரு தாயும் கூப்பிட்டிருந்தார். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் ஸ்டீர் என்ற இளம் மருத்துவர் வந்து, அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு வீடாக விசாரித்தார். 1977இல் வெளியான அறிக்கையில் 51 நோயாளிகள், அதில் 39 பேர் குழந்தைகள். சில ஆண்டுகள் கழித்து மான்டானாவில் வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர் உண்ணியின் வயிற்றுக்குள் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். இன்று கிருமிக்கு அவர் பெயர், நோய்க்கு ஊரின் பெயர். அந்தத் தாய்க்கு எதுவும் இல்லை.

ஆக, இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டதே மருத்துவர் 'ஒன்றுமில்லை' என்று சொன்னதை ஒரு தாய் நம்பாததால்தான். அந்த ஊரின் பெயரைச் சுமக்கும் நோயாளியிடம் போய், 'மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள் அம்மா' என்றால் அவர் எப்படிக் கேட்பார்?

அந்த ஸ்டீருக்குப் பின்னாளில் நேர்ந்ததுதான் எனக்கு ஆறாத விஷயம். தாய்மார்கள் சொன்னதை முதலில் காது கொடுத்துக் கேட்டவர் அவர். லைம் என்று சொல்லி வருகிறவர்களில் பலருக்கு லைம் இல்லை என்று 1993இல் எழுதினார். அதிலிருந்து அவர் எதிரியாகிவிட்டார். மிரட்டல்கள் வந்தன. பொதுக்கூட்டத்தில் பேசப் பாதுகாப்புக் காவலர் வேண்டிய நிலை வந்தது. அந்த மனிதர் அப்போதும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதே 1993இல் வாஷிங்டனில் எட்வர்ட் கென்னடி தலைமையிலான செனட் குழு முன் இந்த விவகாரம் போயிற்று. அன்று முதல் இது மருத்துவமனையை விட்டுச் சட்டமன்றங்களுக்குக் குடிபோன நோய். கனெக்டிகட் 1999இல் காப்பீட்டுச் சட்டம் போட்டது. ரோட் தீவும் கலிஃபோர்னியாவும் நீண்டகால ஆன்டிபயாடிக் எழுதும் மருத்துவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தன. 2006இல் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் நீண்டகால ஆன்டிபயாடிக் பயனற்றது என்று வழிகாட்டி வெளியிட்டது. உடனே கனெக்டிகட் அரசுத் தலைமை வழக்கறிஞர் ரிச்சர்ட் ப்ளூமெந்தால், இன்று செனட்டராக இருப்பவர், அந்தச் சங்கத்தின் மீது ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரணை தொடங்கினார். மருத்துவ வழிகாட்டியின் மீது ஏகபோகத் தடுப்பு விசாரணை! 2008இல் சமரசம் ஆகி, புதிய குழு ஒன்று உட்கார்ந்து பொது விசாரணை நடத்தி, 2010இல் பழைய வழிகாட்டி சரிதான் என்று ஒருமனதாகச் சொன்னது. நோயாளிகள் அதையும் நம்பவில்லை.

மாசசூசெட்ஸில் ஆளுநர் சார்லி பேக்கர் மசோதாவைத் திருப்பியனுப்ப, 2016 ஜூலைக் கடைசியில் சட்டமன்றம் அவரை மீறி அதை நிறைவேற்றியது. என் பக்கத்து வீட்டில் அன்று கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. சாப்பிட்டேன்.

இனி மருந்தைப் பற்றி. மார்க் க்ளெம்ப்னர் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில் 129 நோயாளிகள். ஒரு பாதிக்கு முப்பது நாள் ரத்தக்குழாய் வழியாக செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக், அதன் பின் அறுபது நாள் டாக்சிசைக்ளின். மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெற்றுத் திரவமும் வெற்று மாத்திரையும். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பாதியிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்கள்தான் தேறினார்கள். 2016இல், இங்கே சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், நெதர்லாந்தில் 280 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வும் வந்தது. இரண்டு வார ஊசிக்குப் பிறகு மேலும் பன்னிரண்டு வாரம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் பயன் எதுவும் இல்லை.

பயன் இல்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. ரத்தக்குழாய் வழி மருந்துக்கு மேற்கையில் செருகி இதயத்துக்கு அருகில் வரை ஒரு மெல்லிய குழாய் விடுவார்கள். அது கிருமி உள்ளே வருவதற்கும் வழி. 27 மாதம் அப்படி மருந்து ஏற்றிக்கொண்ட 30 வயதுப் பெண் ஒருவர், அந்தக் குழாயில் வளர்ந்த பூஞ்சையால் இறந்ததை 2000ஆம் ஆண்டு மருத்துவ இதழில் எழுதினார்கள். 2017இல் நோய்க் கட்டுப்பாட்டு மையமே இதைப் போல ஐந்து நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டு எச்சரித்தது.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் குழாய் வைத்தார்கள், புதிய சட்டத்தின் புண்ணியத்தில். குளிர்சாதனப் பெட்டியில் பாலுக்கும் ஆரஞ்சுப் பழச்சாற்றுக்கும் நடுவே மருந்துப் பைகள் அடுக்கியிருக்கும். குளிக்கும்போது கையில் பிளாஸ்டிக் சுற்றி ஒட்டிவிட என்னைக் கூப்பிடுவார். முதல் இரண்டு வாரம் தெம்பாக இருந்தார், பியானோ சத்தம்கூடக் கேட்டது. நான்காவது மாதம் ஒரு ராத்திரி குளிர் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. குழாய் வழியாக ரத்தத்தில் தொற்று. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். பிழைத்தார். குழாயைப் பிடுங்கியாயிற்று. மாடிப்படி அப்படியே இருக்கிறது.

'அப்படியானால் அந்த மருத்துவர்கள் சொன்னதுதான் சரி, நோயாளிகள் முட்டாள்கள்' என்று நான் சொல்ல வருவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிருமி போய்விட்டது என்பது ஒரு செய்தி. உனக்கு ஒன்றுமில்லை என்பது வேறு செய்தி. முதலாவதைச் சொல்ல வந்த பல மருத்துவர்கள் வாயில் வந்தது இரண்டாவது. வழிகாட்டியில் 'ஆன்டிபயாடிக் தராதீர்கள்' என்று தெளிவாக இருந்தது. அதற்குப் பதிலாக என்ன தருவது என்ற இடத்தில் சொல்ல அதிகம் இல்லை. ரத்தப் பரிசோதனையும் நோயாளிகளுக்குக் கைகொடுக்கவில்லை. அது தேடுவது கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளை; அது உருவாகச் சில வாரம் ஆகும் என்பதால் ஆரம்பத்தில் 'இல்லை' என்று வரும். நோய் போன பிறகும் எதிர்ப்புப் பொருள் வருடக் கணக்கில் தங்குவதால் 'இருக்கிறது' என்றும் வரும். இந்த ஓட்டை வழியாகத்தான் 'லைம் தெரிந்த மருத்துவர்கள்' என்று தனிக் கடை போட்டவர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களில் பலர் காப்பீட்டை ஏற்பதில்லை, ரொக்கம்தான். ஆனால் ஒரு நோயாளியிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். பதினோரு மருத்துவர்கள் பத்துப் பத்து நிமிடத்தில் வெளியே அனுப்பிய பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் எத்தனை பெரிதாகத் தெரியும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

சட்டமன்றத்துக்கு இவர்கள் போனதில் தவறில்லை. வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை, அதனால் அங்கே போனார்கள். சிக்கல், சட்டமன்றத்தால் எதைக் கொடுக்க முடியும் என்பதில் இருக்கிறது. 'என்னை நம்புங்கள்' என்று ஒரு மசோதா எழுத முடியாது. 'எனக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடியுங்கள்' என்றும் மாநிலச் சட்டத்தில் எழுத முடியாது. 'இந்த மருந்துக்குப் பணம் கட்டு' என்று எழுத முடியும். எழுத முடிந்ததைக் கேட்டார்கள், கேட்டதை உறுப்பினர்கள் கொடுத்தார்கள். உறுப்பினர்களுக்கு அதில் ஒரு செலவும் இல்லை. பணம் கட்டுவது காப்பீட்டு நிறுவனம், குழாய் செருகிக்கொள்வது நோயாளி. அழுத பிள்ளைக்குப் பாலுக்குப் பதில் கிலுகிலுப்பை கொடுத்த கதை.

மற்றொரு பக்கம் மெதுவாக நடந்தது. 2016 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மருத்துவ ஆராய்ச்சிச் சட்டத்தில் உண்ணி நோய்களுக்கென ஒரு பணிக்குழு சேர்க்கப்பட்டது. அதில் நோயாளிகளுக்கும் இடம் இருந்தது. 2019இல் வட கரோலினாவின் முன்னாள் செனட்டர் கே ஹேகன், உண்ணி பரப்பும் பொவாசான் வைரஸால் மூளை பாதிக்கப்பட்டு இறந்தார். அவர் பெயரிலேயே அந்த ஆண்டு இறுதியில் உண்ணி நோய்களுக்கான சட்டம் வந்தது. இதற்கும் அதே ஆட்கள்தான், அதே பச்சை உடையில், கதவு கதவாக ஏறி இறங்கியிருந்தார்கள். கோவிட் வந்து, தொற்று போன பிறகும் உடம்பு தேறாதவர்கள் லட்சக் கணக்கில் கிளம்பிய பின்புதான் மருத்துவ உலகத்தின் குரலும் கொஞ்சம் தணிந்தது. எண்ணிக்கை கூடினால்தான் வலி வலியாகிறது போலும்.

போன வசந்தத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் ஆய்வில் சேர்ந்தார். மருந்து தருவதில்லை. ரத்தம் எடுத்துக்கொள்கிறார்கள், தூக்கத்தை அளக்கிறார்கள், சொற்களைக் காட்டித் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தார். இவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமல் நான் ஒரு மணி நேரத்துக்குத்தான் வாகன நிறுத்தக் கட்டணம் கட்டியிருந்தேன். கண்ணாடியில் அபராதச் சீட்டு.

அவர் அதைப் பிரித்துப் பார்த்தார். "இவ்வளவு நேரம் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை" என்றார். அபராதத்தை அவரே கட்டுவதாகப் பிடிவாதம் பிடித்தார். சரி என்றேன்.