பார்த்ததையே போடுகிறான் என்று திட்டிக்கொண்டே பார்த்தோமே

2019 மே மாதக் கடைசியில் நேசமணி ட்ரெண்ட் ஆனது ஞாபகம் இருக்கிறதா? சிவில் இன்ஜினியரிங் பக்கம் ஒன்றில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம்ம ஆள் ஒருவர் போய், இதன் பெயர் சுத்தியல், ஜமீன் அரண்மனையில் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையைப் பதம் பார்த்தது இதுதான் என்கிற மாதிரி ஒரு கமென்ட் போட்டுவிட்டு வந்தார். அவ்வளவுதான். டெல்லியில் பிரதமர் பதவியேற்றுக்கொண்டிருந்த நேரத்தில் ட்விட்டரில் ஊரே நேசமணி பிழைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது.

மீம் கலாச்சாரத்தின் வெற்றி என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அதில் வேறு ஒன்றுதான் கண்ணில் பட்டது. வடிவேலு நேசமணியாக வரும் 'ஃப்ரெண்ட்ஸ்' படம் வந்தது 2001 பொங்கலுக்கு. 2019-ல் அந்த மீம்களைப் போட்டுத் தள்ளிய பிள்ளைகளில் நிறையப் பேர் படம் வந்தபோது தொட்டிலில் கிடந்திருப்பார்கள், சிலர் பிறந்தே இருக்கமாட்டார்கள். தியேட்டரில் டிக்கெட் வாங்காத ஒரு கூட்டத்துக்கு அந்தக் காட்சி வரிக்கு வரி மனப்பாடம், வடிவேலு எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்பது வரை தெரியும். இது எப்படி நடந்தது? கேபிளில்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாயில் சாய்ந்த நேரத்தில், ரிமோட் அப்பா கையிலோ பாட்டி கையிலோ இருந்த வீட்டில், எத்தனையாவது தடவை என்ற கணக்கே இல்லாமல் ஓடிய மறு ஒளிபரப்பில்.

மறு ஒளிபரப்பை நாம் எப்போதும் மட்டமாகத்தான் பேசிவந்தோம். "போட்டதையே போடுறான்" என்பது தமிழ்க் குடும்பங்களின் தேசிய வாக்கியம். ஆனால் தமிழ்க் கேபிள் டிவி இந்த முப்பது வருடத்தில் செய்த உருப்படியான காரியங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் நான் இதைத்தான் முதலில் வைப்பேன். புதுசு புதுசாகக் கொடுத்த மெகா சீரியல்களை எல்லாம் பின்னால் தள்ளிவிட்டு.

இதற்கு நம் சினிமாவின் ஒரு பழக்கமும் ஒத்துழைத்தது. எண்பதுகளின் கடைசியிலிருந்து ரொம்ப காலம் காமெடி டிராக் என்பதே தனி வியாபாரம். ஹீரோ கதை ஒருபக்கம் போகும், கவுண்டமணி செந்தில் கதை இன்னொருபக்கம் போகும், பல படங்களில் டிராக் எழுதுகிறவரே வேறு ஆள். ஏ. வீரப்பன் மாதிரி ஆட்கள் இதற்கென்றே இருந்தார்கள். தனியாக எழுதி தனியாக எடுத்ததால் தனியாக வெட்டி எடுக்கவும் சுலபம். ஆதித்யா, சிரிப்பொலி போன்ற சேனல்கள் பிழைத்தது இந்த வெட்டில்தான். இப்போது வருகிற படங்களில் காமெடி கதைக்குள்ளேயே கலந்து கிடக்கிறது, மூன்று நிமிடம் வெட்டிப் போட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அதனால்தான் காமெடி சேனல்களில் நாள்காட்டி ஒரு வருடத்தோடு நின்றுவிட்ட மாதிரி திரும்பத் திரும்ப அதே வடிவேலு, அதே விவேக். சோம்பேறித்தனமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சரக்கே அங்கேதான் இருக்கிறது.

தூர்தர்ஷன் காலத்தில் மறு ஒளிபரப்பு என்பது அநேகமாகக் கிடையாது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம். விட்டால் போச்சு. நடுவில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை வந்துவிட்டால் அந்த வாரம் அவ்வளவுதான், மறுநாள் ஆபீசில் யாரையாவது பிடித்து மீதிக் கதையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்து, அடுத்த வருடமே ராஜ் டிவி வந்து, நேரத்தை நிரப்பச் சரக்குத் தேவைப்பட்டபோதுதான் பார்த்ததைப் பார்க்கிற வாழ்க்கை நமக்கு அறிமுகமானது. நோக்கம் ஒன்றும் உயர்ந்தது இல்லை. பட்டியலில் ஓட்டை இருந்தது, பழசை வைத்து அடைத்தார்கள். அந்த ஓட்டைக்குள்தான் என் தலைமுறை தன் அப்பா அம்மாவின் சினிமாவைப் பார்த்தது.

அப்புறம் அந்தக் கரண்ட் கட் காலம். 2012 வாக்கில் சென்னையைத் தாண்டினால் பல ஊர்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் கிடையாது. ராத்திரி விட்ட சீரியலை மறுநாள் காலையில் போடுவார்கள். அது ஆபீஸ் போகிறவர்களுக்கு எரிச்சல், வீட்டில் இருந்த பெண்களுக்கு உயிர். எங்கள் தெருவில் காலை சமையலின் நேரமே அதை வைத்துதான் மாறியது. குக்கரை இறக்கிவிட்டுத்தான் உட்காருவது, விளம்பரம் வந்தால் எழுந்துபோய் ரசத்துக்குத் தாளிப்பது, எதிர்வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே ஹாலில்.

நல்ல சீரியல்களும் இப்படித்தான் பிழைத்தன. மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய மர்மதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் வந்தது. இன்றைக்கு முப்பது வயதுக்காரன் ஒருவன் அதில் ஒரு கதையான விடாது கருப்பு என்றதும் முதுகு சில்லிட்டதைச் சொல்கிறான் என்றால், அவன் முதல் ஒளிபரப்பைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

சரி, இப்போது என்ன பிரச்சினை? பழசைப் போடுகிறார்கள்தானே என்று கேட்பீர்கள். போன மாதம் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது பழைய சீரியல் ஒன்று ஓடியது. எந்த சேனல் என்று சொல்லவில்லை, எதுவாக இருந்தாலும் இதே கதைதான். அந்தக் காலத்து டிவி நான்குக்கு மூன்று சதுரப் பெட்டி, இப்போதைய டிவி பதினாறுக்கு ஒன்பது அகலப் பெட்டி. இரண்டுக்கும் நடுவே என்ன செய்வது? பக்கவாட்டில் கறுப்புப் பட்டை விட்டால் போதும், படம் எடுத்தபடியே இருக்கும். அது அவர்களுக்குப் பிடிக்காது. இழுத்துவிடுவார்கள், எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு குண்டாகிவிடுவார்கள். இல்லையென்றால் மேலும் கீழும் வெட்டுவார்கள், உயரத்தில் கால்வாசி காலி. நான் பார்த்ததில் வெட்டியிருந்தார்கள். ஒரு அம்மா அழுதுகொண்டே நெற்றிப் பொட்டை அழிக்கிற காட்சி. பொட்டு மட்டும் படத்துக்கு வெளியே. கீழே ஓடுகிற பட்டையில் ராசிபலன், அதற்கும் மேலே இன்றிரவு வரப்போகும் புது சீரியலின் நாயகி பாதித் திரைக்கு எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிறார். மிச்சம் இருந்த இடத்தில் அந்த அம்மா அழுதார்.

சேனல்கள் ஏன் இப்படி ஆகின்றன என்பது ஒன்றும் ரகசியம் இல்லை. பழைய பாட்டு, பழைய படம், காமெடி என்று ஒரு பெயரோடு ஆரம்பிப்பார்கள். விளம்பரம் குறையும். காலையில் அரை மணி நேரம் லேகியத்துக்கு விற்பார்கள், அடுத்த அரை மணி ராசிக்கல்லுக்கு. அப்புறம் டப்பிங் சீரியல். 2019 பிப்ரவரியில் சேனல் கட்டணத்துக்கு விதி போடுகிற டிராயின் புது விலை முறை வந்த பிறகு சின்ன சேனலுக்கு இன்னொரு சிக்கல். பெரிய சேனலோடு சேர்த்துக் கட்டிய பொட்டலத்தில் ஒரு எண்ணிக்கையாக இருந்தால் போதும், அதன் முகம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் கவலையில்லை. விஜய் மியூசிக் என்று ஒன்று வந்தது, இரண்டே வருடத்தில் விஜய் டக்கர் ஆனது. 2020 டிசம்பரில் எச்பிஓ இந்தியாவில் கடையை மூடியபோது, இரவு பத்து மணிக்குச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஆங்கிலப் படம் பார்த்த கூட்டம் ஒரு நாள் துக்கம் அனுஷ்டித்ததோடு சரி.

விஜய் டிவியின் கதை தனி. 1994-ல் உடையார் குடும்பத்து கோல்டன் ஈகிள் என்று ஆரம்பித்து, மல்லையா கைக்குப் போய் விஜய் ஆகி, யுடிவி, 2001-ல் ஸ்டார், அப்புறம் டிஸ்னி, 2024 நவம்பரிலிருந்து ஜியோஸ்டார். முதலாளி மாறுகிறபோது கூடத்தில் மாட்டியிருந்த பழைய படங்களைக் கழற்றிவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். லொள்ளு சபா போன்ற ஒன்று இன்றைக்கு அங்கே பிறக்குமா என்று நினைத்துப் பாருங்கள், சினிமாக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தே நிகழ்ச்சி நடத்தவேண்டிய நிலையில் அவர்களைக் கிண்டல் செய்ய யார் துணிவார்கள்?

இவ்வளவுக்கும் நடுவில் 2020-ல் ஒரு பரிசோதனை தானாகவே நடந்தது. ஊரடங்கில் ஷூட்டிங் நின்றது, எல்லா சேனலும் பழசைத் தூசி தட்டின. தூர்தர்ஷன் ராமானந்த் சாகரின் ராமாயணத்தை மார்ச் 28-லிருந்து மறுபடி போட்டது. ஏப்ரல் 16 எபிசோடை 7.7 கோடிப் பேர் பார்த்தார்கள், உலக சாதனை என்று தூர்தர்ஷன் அறிவித்தது. 1983-ல் அமெரிக்காவில் மாஷ் தொடரின் கடைசி எபிசோடை 10 கோடிக்கு மேல் பார்த்தார்களே என்று உடனே சிலர் கணக்கோடு வந்தார்கள். சாதனையோ இல்லையோ, 1987-ல் வந்த ஒன்றை முப்பத்துமூன்று வருடம் கழித்து அத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். சூடு ஆறுவதற்குள் டிடி ரெட்ரோ என்று பழசுக்கென்றே ஒரு சேனலும் திறந்தார்கள். தனியார்கள் ஷூட்டிங் தொடங்கிய மறுவாரமே எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள்.

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது. மர்மதேசம் இருக்கிறது, பழைய சீரியல்கள் எபிசோடு எண் போட்டு வரிசையாக இருக்கின்றன. தேடுகிறவனுக்குக் கிடைக்கும். ஆனால் பத்து வயதுப் பையனுக்கு நாகேஷ் என்று தேடத் தெரியாது, தெரிந்தாலும் தேடமாட்டான். அக்கா வீட்டில் ஐந்து பேர், ஐந்து போன், ஐந்திலும் வேறு வேறு. அன்றைக்கு அந்த வெட்டுப்பட்ட சீரியலை நானும் அக்கா மாமியாரும் மட்டும்தான் பார்த்தோம். பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேசமணியைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் யாரும் விரும்பித் தேடிப் போகவில்லை, வேறு வழியில்லாமல் பார்த்தார்கள். அந்த வேறு வழியில்லாமை போய்விட்டது, அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். நான் கேட்பது சின்ன விஷயம். பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று புதுப் பெயர் வாங்கியது. தூர்தர்ஷனை நடத்துகிற பிரசார் பாரதி அதே வருடக் கடைசியில் வேவ்ஸ் என்று ஓடிடியும் ஆரம்பித்தது. சென்னை நிலையத்தின் பழைய நாடகங்களில் எவை மிஞ்சியிருக்கின்றனவோ அவற்றை அந்தந்தச் சதுரத்திலேயே, கறுப்புப் பட்டையோடு, வாரம் ஒருநாள் ராத்திரி போடட்டும். லாபம் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

மிஞ்சியிருந்தால் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் நாடா விலை அதிகம், பழையதை அழித்து மேலேயே புதிதைப் பதிவது உலகம் முழுக்க இருந்த வழக்கம். பிபிசியே டாக்டர் ஹூ தொடரில் அறுபதுகளில் எடுத்த பல எபிசோடுகளை இப்படித் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறது. தொலைந்தவற்றின் சத்தமாவது இன்றைக்கு இருக்கிறது என்றால் அது ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரை டிவி முன்னால் வைத்துப் பதிவு செய்ததால்.

அதனால் இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டுப் பரணிலாவது டிவியிலிருந்து பதிவு செய்த விஎச்எஸ் கேசட் கிடந்தால், கல்யாண கேசட்டோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தால் பிளேயரில் போடாதீர்கள், ஹெட்டும் கெடும் நாடாவும் கெடும், முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டிஜிட்டலாக மாற்றித் தருகிறவர்கள் பெரிய ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் விளம்பரத்தை வெட்டிவிட்டுத் தரட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், நாடகம் வேறு எங்காவது கிடைத்தாலும் கிடைக்கும், அந்தப் பல்பொடி விளம்பரம் கிடைக்காது.